விதிக் கோப்பு

"பதிவுப் படிவத்தைச் சரிசெய்" என்றேன்.
அவ்வளவுதான் சொன்னேன்.
பிளேன்டீ ஆறுவதற்குள்
நானூறு வரி எழுதித் தந்தது.
தோற்றுக்கொண்டிருந்த மூன்று சோதனைகளையும்
அழித்துவிட்டு
எல்லாம் பச்சை என்றது.

அதைக் குறை சொல்லி என்ன?
கொட்டாஞ்சேனை கிளினிக்கை அது கண்டதில்லை.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பெயர் கேட்கும் மிஸ்ஸை,
"குடும்பப் பெயர்" என்ற கட்டத்தின் முன்
பேனையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கும்
பிள்ளைத்தாய்ச்சியை.

எழுதியதை எல்லாம் திருப்பிப் போட்டேன்.
வெள்ளவத்தையைக் கடைசி ரயில் கடந்து
ஜன்னல் கம்பி அடங்கியபின்
புதுக் கோப்பொன்றைத் திறந்தேன்.

சோதனையைத் தொடாதே. பிழையைத் தேடு.
முதலில் திட்டத்தைச் சொல்,
நான் ஓம் என்றபின் தொடங்கு.
கடைசிப் பெயரைக் கட்டாயமாக்காதே,
எங்கள் முன்னெழுத்து தகப்பன், குடும்பமல்ல.
சிவகாமசுந்தரத்தைப் பத்தெழுத்தில் வெட்டாதே.
மூன்று மொழியும் ஒரே பெட்டிக்குள் வரும், திகைக்காதே.
அடையாள அட்டை இலக்கம் இரண்டு விதம்:
ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும்,
இல்லையேல் பன்னிரண்டு இலக்கம். இரண்டும் செல்லும்.
அதற்குள் பிறந்த நாளின் எண் இருக்கும்;
பெண்ணென்றால் ஐந்நூறு கூடியிருக்கும்.

இதையெல்லாம் எனக்கு ஒருவரும் எழுதித் தரவில்லை.
ரிஸ்மியின் முகச்சுளிப்பில் ஒன்று,
நிலங்க வேலையை விடும்போது
மேசையில் ஒட்டிவிட்டுப் போன துண்டில் ஒன்று,
மற்றதெல்லாம்
கணினி விழுந்து கிடந்த திங்கட்கிழமைகளில்.
ஐந்து வருஷமாய்ப் பொறுக்கியது
முப்பது வரியில் முடிந்துபோனபோது
கொஞ்சம் கோபம்கூட வந்தது.

கடைசியாக ஒன்று சேர்த்தேன்:
தெரியாவிட்டால் ஊகிக்காதே. கேள்.

மறுபடி ஏவினேன்.
இந்த முறை எழுதவில்லை. கேட்டது.
"பெண்களுக்கு மட்டும் ஏன் ஐந்நூறு?
காரணம் தந்தால் குறிப்பில் சேர்க்கிறேன்."

கைப்பையிலிருந்து என் அட்டையை எடுத்தேன்.
பெப்ரவரி பதினாறு.
வருஷத்தின் நாற்பத்தேழாம் நாள்.
அட்டையில் ஐந்நூற்று நாற்பத்தேழு.
வங்கியில், தபாற் கந்தோரில்,
ஒரு காலம் ஒவ்வொரு சந்தியிலும்
டோர்ச் வெளிச்சத்தில் இதை நீட்டியிருக்கிறேன்.
அதுவும் சோதனைதான்.
அங்கே கேள்வி எல்லாம் அவர்களுடையது.

"எனக்கும் தெரியாது" என்று தட்டினேன்.
பிறகு,
"காரணத்துக்கு ஒரு வரி
வெறுமையாய் விட்டு எழுது."