பதினோரு அடி நான்கு அங்குலம்

கீழக்கரை, கிட்டங்கித் தெரு.
டேப்பின் ஒரு முனையைச் சுவரில் அழுத்தி நிற்கிறார் உதவியாளர்,
மறுமுனை என் கையில்.
பதினோரு அடி நான்கு அங்குலம்,
சாக்கடை மூடியையும் சேர்த்தால்.

இதற்குள் ஒரு காரும் ஒரு சைக்கிளும்
ஒரே நேரத்தில் போகுமா என்று
நகராட்சி கேட்கிறது.
போகும், கணக்குப்படி.
கணக்கில் பக்கவாட்டுக் கண்ணாடி இல்லை,
மீன்பெட்டி இல்லை,
திண்டாடித் திரும்பும் ஆடு இல்லை.

சீனி நூர்தீன் வெளியே வந்தார்.
"சம்பாதிச்சது துபாயில, வாங்குனது மதுரையில,
ஓட்டுறதுக்கு மட்டும் உங்ககிட்ட கேக்கணுமாம்மா?"
கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு
வாசலை ஒட்டிப் படுத்திருந்தது வண்டி.
நான் பதில் சொல்லவில்லை.
என் கைப்பையிலும் இருக்கிறது
ஒரு கார்க் கடன் விண்ணப்பம்.

நம்புவேலிடம் வரைபடத்தை விரித்துக் காட்டினேன்,
பச்சையில் சைக்கிள் பாதை.
பெட்டியில் நகரை மீன், மேலே ஈரச்சாக்கு.
"வரியெல்லாம் நல்லாத்தான் இருக்கு தாயி.
ஏர்வாடியிலருந்து கச்சான்ல ஒருநாள் மிதிச்சுப் பாரு,
அப்புறம் எனக்கு ஒரு மொபெட்டுக்கு எழுதிக் குடு."

கச்சான்.
எந்த நிறத்தில் வரைவது அதை?
ஆனி பிறந்தால் தென்மேற்கிலிருந்து
மணலை அள்ளி வந்து
போன வருடம் அடித்த வெள்ளைக் கோட்டை
பாதிவரை தின்றுவிட்டது.
மீதிப் பாதியில் யாரோ
பைக்கை நிறுத்தியிருக்கிறார்கள்.

நூர்தீனின் மகள் ரில்வானா ஒன்பதாம் வகுப்பு.
சைக்கிளில்தான் போவேன் என்று
மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து வாங்கியது.
தினமும் பள்ளிவரை
அவள் பின்னாலேயே காரில் போகிறார் வாப்பா.
ரோட்டில் கார் அதிகமாம்.

அளந்துகொண்டிருக்கும்போதே வந்தாள்.
டேப்பைத் தூக்கிப் பிடித்தோம்,
முக்காட்டைப் பல்லில் கடித்தபடி குனிந்து
அடியில் புகுந்து போனாள்.
அடுத்து கார்.
டேப்பைத் தரையில் போட்டோம்,
ஏறிப் போனது.

யாரும் சொல்லித்தரவில்லை எங்களுக்கு.
சைக்கிள் என்றால் தூக்கு,
கார் என்றால் போடு.
கைகளுக்கே தெரிந்திருந்தது.

நம்புவேல் மட்டும் இறங்கி நின்றார்.
பெட்டி இருக்கிறதே, குனிய முடியாது.
"நீங்க அளந்து முடிங்க" என்றார்.
சாக்கிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

மறுபடி இழுத்துப் பிடித்தேன்.
டயர் ஏறிய இடத்தில், ஏழாவது அடியில்,
எண் அழிந்திருந்தது.
குறிப்பேட்டில் எழுதினேன்:
அகலம், உத்தேசமாக.