ரப்பர் மடிப்பு

நீ வருவதற்கு முந்தைய இரண்டு நாளும்
துடைத்துக்கொண்டே இருந்தேன், தாரேஜான்.
தரை, ஜன்னல், அடுப்பின் அடிவயிறு வரை.
ஃப்ரிட்ஜையும்தான்.
தட்டு மூன்றையும் கழற்றிக் கழுவி
வெயிலில் சாத்திவைத்தேன்.
பத்தூமியில் மார்ச்சில் ஏது வெயில்?
ஹீட்டர் முன்னால் என்று திருத்திக்கொள்கிறேன்.

நீ பெட்டியை இறக்கினாய்.
கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
நேரே போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாய்.
பால் இருக்கிறதா என்று பார்க்க, என நினைத்தேன்.
உன் விரல் கதவோரமாய் ஓடி
ரப்பர் மடிப்பை
உதட்டைப் பிதுக்குவதுபோல் பிதுக்கியது.

கறுப்பு.
புள்ளி புள்ளியாய்த் தொடங்கிக்
கீழ் மூலையில் திட்டாய்.

"எல்லாத்தையும் துடைச்சேன்" என்றேன்.
"தெரியுது" என்றாய்.
அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று
இருபத்தாறு வருடமாய் எண்ணி முடியவில்லை.

வினிகர் கேட்டாய். சோடா கேட்டாய்.
என் பல்துலக்கியைக் கேட்காமலே எடுத்தாய்.
நேப்பிள்ஸில் யாரோ ஒரு நோட்டரியின் சமையலறையில்
பதினோரு மாதம் இப்படித்தான் மண்டியிட்டிருப்பாய்;
அதை இருவருமே சொல்லவில்லை.
நெடி ஏறிக் கண்ணைத் துடைத்தாய்.
வினிகர் நெடிதான்.

கீழ் மூலை மட்டும் விடவில்லை.
தொட்டு முகர்ந்தாய்.
"இது ப்ளம்."

பிறகு நிமிர்ந்து பார்த்தாய்:
கதவுத் தட்டில்,
போகும்முன் நீ காய்ச்சி ஊற்றிவைத்த த்கெமாலி.
மூன்று பாட்டிலில் இரண்டைத் தீர்த்துவிட்டேன்.
மூன்றாவதைத் திறக்கவே இல்லை.
அது தானாய்ப் புளித்துப் பொங்கி
மூடியோரம் கசிந்து
சொட்டுச் சொட்டாய் இறங்கி
மடிப்புக்குள் குடிவைத்திருக்கிறது
இந்தப் பூஞ்சணத்தை.

"ஏன் திறக்கலை?"
மீன் கிடைக்கவில்லை என்றேன்.
கடல், நம் தெருமுனையில் இருக்கிறது.

நீ மறுபேச்சில்லாமல்
தீக்குச்சியில் துணி சுற்றி மூலையைக் குடைந்தாய்.
துணி கறுப்பாய் வந்தது,
ஊதாவாய் வந்தது,
சாயம் போன பழுப்பாய்,
கடைசியில் துணியாகவே வந்தது.
ஹேர் டிரையரால் ரப்பருக்குச் சூடு காட்டி
கோணிய இடத்தை நீவி நிமிர்த்தினாய்.

"கதவு பிடிக்குதான்னு பார்க்கணும்.
ஒரு காகிதம் கொடு."
கைக்கெட்டியது
மேசைமேல் உன் டிக்கெட்தான்.
திரும்பிப் போகும் டிக்கெட், பத்தொன்பதாம் தேதி.
ஒரு கணம் பார்த்தாய்.
இடுக்கில் வைத்துச் சாத்தினாய்.

"இழு."
இழுத்தேன்.
வரவில்லை.
"இன்னும் பலமா."
கிழிந்துவிடும் என்றேன்.

மோட்டார் ஒருமுறை குலுங்கி
ஓடத் தொடங்கியது.
நீ கோட்டைக் கழற்றினாய்.