எண் பதினேழு, இடது விங்

எளாவூர் செக்போஸ்ட்டை ஒருநாள் எடுத்துவிட்டார்கள்.
லாரிகள் நிற்காமல் தடா தாண்டிப் போயின.
டீக்கடை அழுதது, புரோக்கர்கள் அழுதார்கள்.
எனக்குக் கிடைத்தது
இரண்டு ஏக்கர் வழவழ சிமெண்டு.

பதினான்கு வயது.
சூலூர்பேட்டையில் நானூறு ரூபாய்க்கு வாங்கிய சக்கர ஷூ,
ஒரு கால் எட்டு, ஒரு கால் ஏழு.
அடிக்கத் தென்னை மட்டை.
அடிபட, லாரி டயரில் அறுத்த ஒரு வட்டம்.
எடைமேடையின் இரும்புத் தகட்டில் ஏறும்போதெல்லாம்
முள் அசைகிறதா என்று கண்ணாடி அறையை எட்டிப் பார்ப்பேன்.
செத்துப்போன எந்திரம்.
நான் எத்தனை கிலோ என்று சொல்லவே இல்லை.

அப்பாவுக்கு ஆரம்பாக்கம் ஐஸ் ஃபேக்டரியில் வேலை.
ஐஸ் என்றால் எங்களுக்குப் பாளம்.
கொக்கியால் இழுத்து, கொட்டாப்புளியால் உடைத்து,
இறாலின் மேல் வாரிக் கொட்டினால் கூலி.
அதன்மேல் நிற்கலாம் என்று யாரும் சொன்னதில்லை.

நின்றேன்.
லேயில், மைனஸ் பதினெட்டில், மூக்கில் ரத்தம் வடிய.
டிஸ்கித் என் தலைக்கவசத்தை இறுக்கிக் கட்டிவிட்டு
இந்தியில் கேட்டாள்:
உங்கள் ஊரில் பனி எத்தனை அடி விழும்?
தமிழில் சொன்னேன்: போடி.
அதை அவள் ஓர் அளவு என்று நினைத்துக்கொண்டாள்.

பதினொரு மேட்ச், நான்கு நாடு.
ஒன்பதில் தோற்றோம்,
ஒன்றில் பதினாறு கோல் வாங்கினோம்,
அன்று ராத்திரி பேருந்தில் யாரும் பசிக்கவில்லை என்று சொல்லவில்லை.
பிஷ்கெக்கில் அறிவிப்பாளர் என் பெயரைக்
'கோமளே' வரை தூக்கிப் போய்
மூச்சு வாங்கி அங்கேயே இறக்கிவிட்டார்.
மிச்ச ஈஸ்வரி கூரைக் கம்பியில் எங்கோ தொங்குகிறாள்.

முன்கள ஆட்டக்காரிக்கு ஒரு தடவைக்கு நாற்பது நொடி.
ஏறு, துரத்து, இடி, இறங்கு.
பெஞ்சில் உட்கார்ந்து நுரையீரலைத் தேடு.
மறுபடி ஏறு.
எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன்.
என் சர்வதேச வாழ்க்கை
இரண்டு மணி பன்னிரண்டு நிமிடம்.
சூலூர்பேட்டை லோக்கல்
சென்ட்ரல் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடும்.

அதில் ஒரு கோல்.
டிஸ்கித் அடித்தாள், என் முழங்காலில் பட்டுத் திரும்பி
கோல்கீப்பரின் கால்களுக்கு நடுவே
மெதுவாக, ரோட்டைக் கடக்கும் எருமைபோல் போனது.
வலையில் விழுந்ததை எங்கள் ஊரில் எடை போடுவார்கள்.
அங்கே சிவப்பு விளக்கு எரிந்தது.
வட்டைக் கேட்டு வாங்கி வந்தேன்.
இப்போது ஃப்ரிட்ஜின் நொண்டிக் காலுக்கு அடியில் இருக்கிறது,
ஆடாமல் பார்த்துக்கொள்கிறது.

திருவள்ளூரில் வேலைக்கு மனு கொடுத்தபோது
கிளார்க் பட்டியலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.
"வெறும் ஹாக்கின்னு போட்டுடலாமா?"
பதில் வருமுன்
ஐஸ் என்ற சொல்லை அடித்துவிட்டார்.
நீலப் பேனா. நல்ல அழுத்தம்.

போன வாரம் சூலூர்பேட்டை ஆஸ்பத்திரியில்
அதே முழங்கால்.
டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னலுக்குக் காட்டியபடி
"ஏமைந்தம்மா?" என்றார்.
ஐஸ் மேல் விழுந்தேன்.
"ஃபேக்டரியிலா?"
நான் ஒன்றும் சொல்லவில்லை.
"முதலாளி நஷ்டஈடு கொடுத்தாரா?"
முதலாளி ரொம்ப தூரம், சார்.

சீட்டில் எழுதிக் கொடுத்தார்:
மூன்று வாரம் ஈரத் தரையில் நடக்கக் கூடாது.

வீடு ஃபேக்டரிக்குப் பின்னால்.
தெருவே ஈரம்.