குறிப்பு எழுதும் கட்டம்

வண்டி எண், அடைத்த நேரம், திறந்த நேரம்.
அதற்கடுத்து ஒரு கட்டம் காலியாகவே கிடக்கும்,
'குறிப்பு' என்று தலையில் அச்சடித்து.
வீரவநல்லூருக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவே
எட்டு மணி நேரம் கேட்டை அடைத்துத் திறக்கிற எனக்கு
சொல்ல ஒன்றுமே இருக்காதா என்ன?
முதலில் பென்சிலில்தான் எழுதினேன்.

'சரித்திர நாவல். மூன்று பாகம்.
இளவரசி ஆற்றில் குளித்துக் கரையேறப் பதினோரு பக்கம்.
அதற்குள் செங்கோட்டை பாசஞ்சர் போய்
பின்னாலேயே தனி இன்ஜின் ஒன்றும் போய்விட்டது,
அவள் இன்னும் கூந்தல் உலர்த்துகிறாள்.
அத்தனை குதிரைக்கும் யார் புல் அறுத்தது என்று
ஒரு பாகத்திலும் இல்லை.
ஆனாலும் சுரங்கத்தில் அந்த ஊமைக் காவலன்
பந்தத்தைத் தரையில் தேய்த்து அணைத்தானே,
அப்போது டிப்பர் லாரிக்காரன் ஹாரன் அடித்தது
நிஜமாகவே எனக்குக் கேட்கவில்லை.'

'பேய்க்கதை. ராத்திரி டூட்டியில் படிக்கக் கூடாது.
படித்தேன்.
பேய் பயமில்லை. அதற்கு முந்தின அத்தியாயம்,
ஆளில்லாத வீட்டில் குக்கர் மட்டும் விசில் அடிக்கிறது.
கன்னடியன் கால்வாயில் தவளைகள் சட்டென்று நிறுத்தின.
எழுந்து போய் லைட்டைப் போடப் பார்த்தேன்,
லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.
கடைசியில் பேயே வந்து தன் பூர்வீகம் முழுக்கச் சொல்லிற்று.
சவம், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.'

'செவ்வாய் கிரகத்தில் குடியேறுகிற கதை.
பாதி புரியவில்லை, அதற்காக வெட்கப்படவுமில்லை.
தண்ணீரை அளந்து கொடுக்கிற இடம் வந்ததும்
ராதாபுரத்தில் கட்டிக்கொடுத்த தங்கச்சிக்குப் போன் போட்டேன்.
"அங்கயும் குடத்தை வரிசையில போடணுமாக்கா?" என்றாள்.
புத்தகத்தில் வரிசையும் இல்லை, சண்டையும் இல்லை.
எழுதினவர் வீட்டில் குழாய் நன்றாக வரும்போல.'

'நம்ம பக்கத்தைப் பற்றிய நாவல். பரிசு வாங்கியதாம்.
வரிக்கு ஒரு "ஏலே".
பிள்ளைக்குப் பேர் வைக்கிற வீட்டிலும் ஏலே, டாக்டரிடமும் ஏலே.
அரிவாளைப் பக்கத்தில் வைத்துத்தான் சாப்பிடுகிறார்கள்.
என் அண்ணனுக்குக் கோபம் வந்தால்
பெண்டாட்டியிடம் "நீங்க" என்று ஆரம்பிப்பான்.
அந்த "நீங்க"வுக்கு வீடே நடுங்கும்.
அதைக் கேட்க ஒருநாளாவது தங்கியிருக்க வேண்டும்.'

'துப்பறியும் நாவல். நாற்பதாம் பக்கத்திலேயே
கம்பவுண்டர் மேல் எனக்கு ஒரு கண்.
அவன்தான். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தான்.'

இதில்தான் மாட்டினேன்.
இன்ஸ்பெக்டர் ஆவுடைநாயகம் சார்
கொடி, கைவிளக்கு, பட்டாசு எல்லாம் எண்ணிப் பார்த்து
பதிவேட்டைப் புரட்டியவர் புரட்டியபடியே நின்றார்.
மெமோ, விளக்கக் கடிதம், இன்க்ரிமென்ட் கட் என்று
எனக்குள் வண்டிகள் வரிசையாகப் போயின.
"கம்பவுண்டரா?" என்றார்.
"ஆமா சார்."
"நான் நூத்திப்பத்தாம் பக்கத்துல நிக்கேன்மா.
அம்பை லைப்ரரியில ரெண்டு மாசம் காத்துக் கெடந்து எடுத்தது.
ரயில்வே ரெக்கார்டுல எழுதுனதக்கூட விட்டுரலாம்..."
மெமோவும் கொடுத்தார், கொடுக்காமல் இல்லை.

பிறகு நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.
அதில் ஒரே ஒரு குறிப்பு மட்டும் சரியாக வராமல் கிடக்கிறது.

'ஒருத்தி அடுப்பை அணைத்துவிட்டு ரயிலேறுகிறாள்.
எங்கே இறங்கினாள் என்று எழுதவில்லை.
இருநூறு ரூபாய் கொடுத்து வாங்கின எனக்கு
ஸ்டேஷன் பேராவது சொல்ல வேண்டாமா?
பிடிக்கவில்லை.'

'பிடிக்கவில்லை'யை அடித்தேன்.
திரும்பவும் அதையே எழுதினேன்.
பச்சைக் கொடியோடு நிற்கும்போது
இப்போதெல்லாம் ஜன்னல்களைப் பார்க்கிறேன்.
நேற்று சாயங்கால வண்டியில் ஒருத்தி,
மடியில் பை இல்லை, கூட யாருமில்லை,
வயலைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.
கையில் கரி.
கரியா, நிழலா, வண்டி போய்விட்டது.

ஆவுடைநாயகம் சார் அந்தப் புத்தகத்தை வாங்கிப் போயிருக்கிறார்.
"முடிவ மட்டும் சொல்லிராதீங்கம்மா"
என்றார், கும்பிடாத குறையாக.
சத்தியமாகச் சொல்லமாட்டேன் சார் என்றேன்.