பை மீ

மணலி விரைவுச் சாலை ஓரத்து கன்டெய்னர் யார்டில்
எனக்கு எழுத்து வேலை.
பெட்டி எண் எழுதுவேன், சீல் நம்பர் எழுதுவேன்,
யாருக்காவது அடிபட்டால் அதையும்.
ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும்.
இன்ஷூரன்ஸ்காரர்கள் வலியைத் தமிழில் படிப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை ராத்திரி ஷிஃப்ட்.
விட்டும் விடாமல் மழை.
மூன்றாவது அடுக்கில் லாக் சிக்கிக்கொண்டது.
ட்ரெய்லர்கள் எர்ணாவூர் வரைக்கும் ஹாரன் அடித்து நின்றன.
"ஏறிப் பாரு எத்திராஜு" என்றேன்.
ஏறினார்.
பெட்டி ஒரு முறை அசைந்தது.
இடது கையில் மூன்று விரல்.

முதலில் உள்ளபடி எழுதினேன்:
ஐ சென்ட் ஹிம் அப்.
மேனேஜர் சுதர்சனம் பேனா மூடியால் மேசையைத் தட்டினார்.
"ரிப்போர்ட்ல நான் நீயெல்லாம் வரக் கூடாதுப்பா.
பாஸிவ்ல மாத்து."

மாற்றினேன்.
பத்தாம் வகுப்பில் ஐந்து மார்க் வாங்கித் தந்த வித்தை.
தலையில் கம்பம் மாதிரி நின்ற ஐ
வாலுக்குப் போனதும் மீ என்று குனிந்துகொள்ளும்.
வாலில் கிடந்த ஹிம்
தலைக்கு வந்து ஹி என்று நிமிர்வார்.
ஹி வாஸ் சென்ட் அப் பை மீ.
விரல் போனவருக்கு
வாக்கியத்தில் முதல் இருக்கை.
மரியாதைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சுதர்சனம் கடைசி இரண்டு சொற்களை அடித்தார்.
"இது இல்லாமலே கிராமர் கரெக்ட்டு."

கரெக்ட்டுதான்.
வெட்டிய இடத்தில் ஒட்டுத் தெரியவில்லை, ரத்தமும் இல்லை.
முற்றுப்புள்ளி இரண்டு சொல் முன்னால் நகர்ந்து வந்து
உட்கார்ந்துகொண்டது.

அடுத்த வரி அவரே சொல்லச் சொல்ல எழுதினேன்:
இட் வாஸ் டிசைடட்,
மழையிலும் வேலை நடக்கட்டும் என்று.
அந்த இட் யார்?
எங்கள் மஸ்டரில் அப்படி ஒரு பெயர் கிடையாது.
கேன்டீனில் அது சாப்பிட்டுப் பார்த்ததில்லை.
ஆனால் எல்லா முடிவையும் அதுதான் எடுக்கிறது.

ஸ்டான்லியில், கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துப்
படுத்திருந்தார் எத்திராஜ்.
தேசம்மாள் பன்னை டீயில் நனைத்து
ஊட்டிக்கொண்டிருந்தாள்.
கையெழுத்துக்குத் தாளை நீட்டினேன்.
"வலது கை நல்லாத்தான் கீது, போடறேன்.
இன்னா எழ்திகீறன்னு மொதல்ல சொல்லு."

சொன்னேன்:
"மேலே அனுப்பப்பட்டார்."

தேசம்மாளின் கை பாதியில் நின்றது.
அவர் சிரித்தார், இருமல் வரும் வரைக்கும்.
"மேல அனுப்ச்சிட்டியா? இங்கதான நைனா கீறேன்!"
பிறகு, சிரிப்பு வடியாமலே,
"அனுப்பப்பட்டார்னா?
யார் அனுப்ச்சா?"

தமிழிலும் படு உண்டு.
அரசாணையில் உண்டு, பூட்டிய ரேஷன் கடைப் பலகையில் உண்டு.
அடிபடுவதும் பாடுபடுவதும்
அதை வைத்துத்தான்.
ஆனால் ஈ மொய்க்கும் அந்தக் கட்டிலருகே
இரண்டாம் முறை அதைச் சொல்ல
நாக்கு எழவில்லை.

"அனுப்பினேன்" என்றேன்.

நான் என்று சொல்லவில்லை.
சொல்லாவிட்டாலும்
வினையின் வாலில் ஓர் ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
அதை அடிக்க வேண்டுமென்றால் சொல்லையே உடைக்க வேண்டும்.
தனியே எடுத்துப் பார்த்தால்
கேள்வி மாதிரியும் இருக்கிறது.

"அது எனக்குத் தெரியாதா" என்றார்.
"கீழ நின்னுகினு நீதான கத்துன.
பேப்பர்ல கீதா?"

முற்றுப்புள்ளிக்கு முன்னால்
அரிசி அளவுக்கு இடம்.
அம்புக்குறி போட்டு மேலே பொடி எழுத்தில்
எழுத ஆரம்பித்தேன்.
நாளைக்கு சுதர்சனம்
வேறு தாளில் அடிக்கச் சொல்லலாம்.

பை வந்தது. மீ வரவில்லை,
பேனா மழையில் நனைந்தது.
தேசம்மாள் அதை வாங்கி
இரண்டு உதறு உதறிக் கொடுத்தாள்.