குழந்தைப் பருவத்தை அறிந்தவர்

ஐந்து ரோட்டு மருத்துவர் இளைஞர்.
என் மகனாக இருந்திருக்கலாம், எனக்கு மகன் இருந்திருந்தால்.
காகிதத்தைப் பார்த்துக் கேட்டார்:
இரண்டு வயதில் விரல் நீட்டிப் பொருள் காட்டினீர்களா?
பெயர் சொல்லி அழைத்தால் திரும்பினீர்களா?

எனக்கு ஐம்பத்தொன்பது.
அம்மா போய்ப் பதினேழு வருடம். அப்பா அதற்கும் முன்னால்.

"உங்கள் சிறுவயது தெரிந்த ஒருவரை அழைத்து வாருங்கள்."
எளிதாகச் சொல்லிவிட்டார்,
ரேஷன் கார்டு நகல் கேட்பதுபோல.

முப்பத்தோரு வருடம் சேகோ ஆலை ஆய்வகத்தில்
ஜவ்வரிசியின் ஈரம் பார்த்தேன், வெண்மை பார்த்தேன்.
மரவள்ளிப் பால் புளிக்கும் வாசத்தைத்
தைலம் தடவிய மூக்கோடு கடந்தேன்.
சிரிக்க வேண்டிய இடம் எது என்று
பக்கத்து மேசை வளர்மதியைப் பார்த்துச் சிரித்தேன்,
அரை நொடி தாமதமாக.
யாரும் கண்டுபிடிக்கவில்லை.
அல்லது, கண்டுபிடித்துப் பெயரும் வைத்திருந்தார்கள்: திமிர்.

மருந்துச் சீட்டுகள் தொண்ணூற்று மூன்றிலிருந்து இருக்கின்றன,
தேதிவாரியாக.
மனச்சோர்வு. பதற்றம். மறுபடி மனச்சோர்வு.
தூங்கினேன், எடை கூடினேன்.
எதைச் செய்து செய்து சோர்ந்தாய் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

மாதவிலக்கு நின்ற வருடம்
தோல் ஒரு சுற்று மெலிந்துபோனது.
குக்கர் விசில் எலும்பு வரை வந்தது.
புதிய பஸ் நிலையத்தில் ஏர்ஹார்ன் ஒன்றுக்குக்
காதைப் பொத்தித் தரையில் உட்கார்ந்துவிட்டேன்,
கஞ்சி போட்ட காட்டன் புடவையோடு.
இத்தனை காலம் எதை வைத்துத் தாங்கினேனோ
அது தீர்ந்துவிட்டது,
பாதிச் சமையலில் சிலிண்டர் தீர்வதுபோல.

தம்பி சொன்னான்: "ஆட்டிசமா? அது குழந்தைகளுக்கு வர்றது."
"அந்தக் குழந்தைகள்லாம் வளர்ந்து எங்கே போறாங்க?" என்றேன்.
அவன் எனக்கு ஒன்பது வயது இளையவன்.
சாட்சிக்கு ஆக மாட்டான்.

மிச்சம் சலேத்து அக்கா ஒருத்திதான், நாகலூரில்.
அவளுக்கு இப்போது பெற்ற மகன் பெயரே வருவதில்லை.
இருந்தாலும் ஏற்காடு பஸ் ஏறினேன்.
கொண்டை ஊசி வளைவுகள் இருபது. பலகை இருப்பதால்
எண்ண வேண்டியதில்லை.
எண்ணினேன்.
பதினாலில் மேகம் ஜன்னலுக்குள் வந்தது.
முன்சீட்டுப் பெண் வாந்தி எடுத்தாள்.

காப்பிக் களத்தருகே பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா.
"லோன் விஷயமா வந்தீங்களா?" என்றாள்.
ஜெசிந்தா என்றேன்.
தலையாட்டினாள், மரியாதைக்கு.
அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும்.
முப்பத்தோரு வருடம் நானும் அதைத்தான் ஆட்டினேன்.

பிறகு பேச்சில்லை. எனக்கு அது வசதி.
களத்தில் காய்ந்த பழத்தில்
தோல் பிளந்தது ஒரு பக்கம், முழுசு ஒரு பக்கம்,
பத்துப் பத்தாக ஒதுக்கத் தொடங்கியிருந்தது என் கை.
அக்கா விரல்களையே பார்த்தாள்.
அப்புறம், என்னிடம் அல்ல,
சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக் கொடியிடம்:

"எங்க வீட்லயும் ஒண்ணு இருந்துச்சு.
கூப்ட்டாத் திரும்பாது.
புளியங்கொட்டைய வரிசை வெச்சுதுன்னா
சோறு வேணாம், தண்ணி வேணாம்.
யாராச்சும் கலைச்சா அழுவும் பாருங்க, தெருவே கூடும்.
நான் கலைக்க விடமாட்டேன்.
சுத்திக்கிட்டுதான் நடப்பேன்."

வெயில் ஒரு சாக்கு அளவு நகர்ந்தது.

"எங்க போச்சோ.
சாப்புட்டுச்சோ என்னவோ."

சாப்பிட்டேன் என்றேன்.

இறங்கும் பஸ்ஸில் படிவத்தை மடியில் விரித்து
அந்தக் கட்டத்தில் அவள் பெயரை எழுதினேன்.
வளைவுகளில் எழுத்து சாய்ந்தது.
கையெழுத்து வாங்கவில்லை.
மருத்துவர் கேட்டால் என்ன சொல்வதென்று
இன்னும் யோசிக்கவில்லை.

கீழே சேலத்தில் விளக்குப் போட்டிருந்தார்கள்.
நிலையத்துக்குள் திரும்பும் முன்பே ஹார்ன்.
பையிலிருந்து பஞ்சு எடுத்து
இரண்டு காதிலும் வைத்துக்கொண்டேன்,
எல்லோரும் பார்க்க.