இரண்டு புள்ளி ஆறு

தினம் நூற்றைம்பது வீட்டு மீட்டர் பார்க்கிறவள் நான்.
எண் பொய் சொல்லாது,
எழுதுகிறவர்கள்தான் சொல்வார்கள்.
டாக்டர் பெனினா நீட்டிய தாளில்
கிரியாட்டினின் மூன்று புள்ளி ஒன்று.
எதிர்வெயிலில் டிஸ்ப்ளே படிப்பதுபோல்
கையால் மறைத்து இரண்டு முறை படித்தேன்.

மேசைமேல் பீங்கான் உட்கார்ந்திருந்தது.
காட்பாடியில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் அடியில்
உடைந்த இன்சுலேட்டர்களோடு கிடந்த குட்டி.
அதே வெள்ளை, அதனால் அந்தப் பெயர்.
மூன்று வாரமாகக் கிண்ணம் கிண்ணமாய்க் குடித்தது.
வேலூர் மே மாதத்தில் யார்தான் குடிக்கவில்லை
என்று விட்டுவிட்டேன்.
எழுதி வைத்திருக்க வேண்டும்.

இடது சிறுநீரகம் சப்போட்டா அளவு வீங்கி
உள்ளே வெறும் நீர்.
குழாயை அடைத்திருந்த கல்
கம்மங்குருணைக்கு மேல் இல்லை.
வலது சுருங்கிப்போய், மொச்சைக்கொட்டை.
"வீங்கினதை எடுத்துடலாம்.
மிச்சம் இந்தச் சின்னதுதான்.
தாங்குமான்னு எடுத்த பிறகுதான் தெரியும்."
கையுறையைக் கழற்றிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்:
நாலில் மூன்று பங்கு போன பிறகுதான்
ரத்தத்தில் இந்த எண் ஏறவே ஆரம்பிக்குமாம்.

இதென்ன மீட்டர்?
முக்கால் வீடு எரிந்த பிறகு
ஓடத் தொடங்கும் ஒன்றை
எந்தத் தெருவிலாவது நான் கண்டிருந்தால்
அன்றைக்கே சீல் வைத்திருப்பேன்.

இருபத்தெட்டாயிரம்.
லைன்மேன் குப்புராஜ் சிரித்தான்:
"அக்கா, பாலாத்தங்கரையில நூறு பூனை
சும்மா கெடைக்கும்."
கிடைக்கும்.
சீட்டுப் பணத்தை எண்ணினேன்.
ஐந்நூறு குறைந்தது. அவனிடமே வாங்கினேன்.

ஸ்கூட்டரின் முன்னால் காய்கறிக் கூடை,
கூடைக்குள் தையல் போட்ட வயிறு.
பாலாற்றுப் பாலத்தில் லாரி ஒலிக்கும்போதெல்லாம்
உள்ளிருந்து ஒரு முனகல்.
கீழே மணல்.
யாரோ தோண்டிவிட்டுப் போன குழியில் மட்டும்
கையகலம் பளபளப்பு.

மறுநாள் நான்கு புள்ளி நான்கு.
நான் பயந்ததற்கு டாக்டர் பயப்படவில்லை.
எனக்கே தெரிந்த சங்கதிதான் அது.
ஒரு ஃபேஸ் போனால் என்ன செய்வோம்?
சேஞ்ச்-ஓவரைத் திருப்பி
வீட்டுச் சுமை முழுக்க இருக்கிறதில் போடுவோம்.
லைட் மங்கும், ஃபேன் முக்கும்,
மோட்டாரைப் போட்டுடாதே என்று
மாடியைப் பார்த்துக் கத்துவோம்.
அப்படித்தான்.
கருவாடு இல்லை, வலி மாத்திரை இல்லை.
பாஸ்பரஸ் குறைந்த தீனி, கிலோ எண்ணூறு.
அதைப் பீங்கான் முகர்ந்துவிட்டு
என்னைப் பார்த்த பார்வை
மின்கட்டணம் ஏறிய மாதம்
எல்லா வாசலிலும் நான் பார்ப்பது.

மீட்டர் பெட்டி ஆணியில் சலைன் பாட்டில்.
தோளுக்குப் பின்னால் தோலைத் தூக்கி ஊசி ஏற்றப்
பத்து நாளில் பழகிவிட்டேன்.
நூறு மில்லி இறங்கியதும்
ஒட்டகத் திமிலோடு எழுந்து நடக்கும்,
நடையில் ஒரு குறையும் இல்லாமல்.
பூனையைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது,
வலியைத் திருட்டு மின்சாரம்போல்
சுவருக்குள் இழுத்து வைத்திருக்கும்.

மூன்று மாதம் கழித்து இரண்டு புள்ளி ஆறு.
பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி.
"இனி இறங்காதா டாக்டர்?"
"இறங்காது. நிற்குதில்லையா, அதைப் பாருங்க."
எத்தனை நாளைக்கு என்று கேட்க வாயெடுத்து
கூடையின் மூடியைச் சாத்தினேன்.
அடுத்த ரீடிங்கை முன்கூட்டி எழுதுவது
எங்கள் வேலையில் குற்றம்.

இன்று காலை
வாசலில் தயாராய் வைத்திருந்த என் கறுப்புப் பையின்மேல்
ஏறி நின்று மூத்திரம் பெய்தது,
நிதானமாக, நெடுநேரம்.
ரீடிங் மிஷின், கேபிள், அடையாள அட்டை எல்லாம் நாசம்.
குப்புராஜுக்கு போன் போட்டேன்.
"இதுக்கா போனு?" என்றான்.
"ஆமாம்டா" என்றேன்.

நோட்டில் எழுதினேன்:
காலை 6.10. நிறைய.